இருபதாம் சுற்று

தமிழழகனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழில்மதி வைத்த கோழிக் குழம்பு, வாரத்தில் ஒரு வேளைதான் கிடைக்கும். நாலு வாய் தின்றுவிட்டு எழுந்து வாசல் வரை போனான். வண்டியில் சாவியை விட்டுவிட்டோமோ என்று பார்த்தான். சாவி சட்டைப் பையில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தான்.

“இன்னாங்க, உப்பு ஜாஸ்தியா?” என்றாள் எழில்மதி.

“அதெல்லாம் இல்ல. நல்லா இருக்குது.”

“அப்புறம் இன்னாத்துக்கு எழுந்து எழுந்து போறீங்க?”

“தெரியல எழிலு. எதையோ வுட்டுட்டு வந்த மாதிரியே இருக்குது.”

டிபன் கேரியரைப் பார்த்தான், இருந்தது. ஆலையில் துணி மாற்றும் அறைப் பெட்டியைப் பூட்டினோமா என்று யோசித்தான், பூட்டியது ஞாபகம் இருந்தது. மனம் மட்டும் நிலைகொள்ளவில்லை.

எழில்மதி கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. பெண்பிள்ளைகளின் விடுதியும் அவள் பொறுப்புதான். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வருவாள். ஞாயிறு சாயங்காலம் இவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவான். கல்யாணமாகி மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்து, அவன் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்து, இருவரும் சாப்பிட்டுக் கிளம்ப மூன்றாகிவிடும். போகிற வழியில் இரண்டு மணி நேரம் அவள் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஷிப்டாகக் கேட்டு வாங்கினான்.

அன்றைக்கும் அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள். தியாகதுருகம் தாண்டி, கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் வரைக்கும் அவன் “உம்” கொட்டினான். கோமுகி அணைக்குப் பக்கத்தில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியபோது அவள் இறங்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நான் இப்ப இன்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

அவன் குனிந்து ஸ்டாண்டைப் போட்டான்.

“ஆலையில எதுனா சண்டையா?”

“இல்ல.”

“அப்ப காலையிலருந்து நடந்தத ஒண்ணு வுடாம வரிசையா சொல்லுங்க. சாவி காணாமப் போச்சுன்னா பிள்ளைங்களை நான் அப்படித்தான் தேடச் சொல்லுவேன்.”

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டைச் சுவரில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தான்.

தமிழழகன் வேலை பார்ப்பது ஒரு தனியார் சர்க்கரை ஆலை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிற பிரிவில் அவன் ஆபரேட்டர். மூன்று ஆள் உயரத்துக்கு நான்கு இரும்புக் கொப்பரைகள் வரிசையாக நிற்கும். ஆலையில் அவற்றுக்குப் ‘பாடி’ என்று பெயர். முதல் பாடிக்குள் தண்ணீர் மாதிரி நுழைகிற சாறு, நாலாம் பாடியை விட்டு வெளியே வரும்போது பாகாகியிருக்கும். வழி நெடுக வால்வுகள். எதை எப்போது திறப்பது, எதை எப்போது மூடுவது என்பதுதான் பதினோரு வருடமாக அவன் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் அதே ஆலைக்குக் கரும்பு வெட்டிய கூலிகள். அவர்கள் தெருவிலிருந்து கேட்டைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

“காத்தால ஆறு மணிக்குப் போனேன். போனை கேட்ல குடுத்தேன். தை மாசத்துல வந்த மழையில வயல்ல வண்டி எறங்கல, கரும்பு வரல, அரவை நின்னு போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்ப ஓட்டப் போறோம்னாங்க. பத்து மணிக்கு விஜயலட்சுமி மேடம் வந்தாங்க. அதான், ஷிப்ட் இன்ஜினியர். மூணாம் பாடியில பொருக்கு கட்டிக்கிச்சு, நிக்கற நேரத்துல அதை சொரண்டிடலாம்னாங்க. ஆறு மணிக்குள்ள முடியலன்னா அதை மட்டும் ஒதுக்கிட்டு மத்த மூணுலயும் ஓட்டிக்கலாம், ஆளுங்க பாட்டுக்கு உள்ள சொரண்டிக்கினு இருக்கட்டும்னு சொன்னாங்க.”

“பொருக்குன்னா?”

“சாறு காய்ஞ்சு காய்ஞ்சு குழாய்ல படியும். பானையில அடி புடிக்குது இல்ல, அந்த மாதிரி. கல்லு மாதிரி இருக்கும். அதை சொரண்டறதுக்கு ஆளுங்க உள்ள எறங்கணும். எறங்கறதுக்கு முன்னாடி அந்தப் பாடிக்கு வர்ற வால்வு எல்லாத்தையும் மூடி, சங்கிலி போட்டு, பூட்டி, அட்டை மாட்டணும். அதான் என் வேலை. ஆவி வால்வை மூடினேன். வெளிய போற வால்வை மூடினேன். ரெண்டாம் பாடியிலருந்து சாறு வர்ற வால்வு, எட்டு இஞ்ச், அதையும் மூடினேன்…”

பேச்சு நின்றது. டீ டம்ளரைச் சுவரின் மேல் வைத்தான். வலது கையைக் கொஞ்சம் தூக்கி, காற்றில் எதையோ பிடித்துச் சுற்றுவது போல மெல்லச் சுற்றினான். எழில்மதி அந்தக் கையைப் பார்த்தாள்.

“இருபது,” என்றான்.

“இன்னா இருபது?”

“அந்த வால்வுக்கு இருபத்திரண்டு சுத்து. நான் இருபது சுத்துதான் சுத்துனேன்.”

அது பழைய வகை வால்வு. மேலே வீல் சுற்றும், உள்ளே இரும்புக் கதவு இறங்கும். கதவு எவ்வளவு இறங்கியது என்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் அவன் எந்த வால்வைத் தொட்டாலும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாக வந்த பழக்கம். அன்றைக்கு மணி ஒன்றே முக்கால். வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்போடு சுற்றினான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அங்கே வீல் இறுகியது. இறுகியதும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்று உள்ளே ஒரு குரல் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதா, இல்லையா என்பது இப்போது தெரியவில்லை. சங்கிலியைப் போட்டுப் பூட்டினான். அட்டையில் கையெழுத்துப் போட்டான். அடுத்த ஷிப்டுக்கு வந்த இளவரசனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

“கதவுக்கு அடியில பொருக்கு ஏதாச்சும் மாட்டிக்கினு இருக்கும். அதான் முன்னாடியே இறுகிடுச்சு. ரெண்டு சுத்துன்னா ஒரு வெரல் சந்து.”

“அந்த சந்து வழியா சாறு உள்ள போவுமா?”

“இப்ப போவாது. குழாய்ல சாறே இல்ல. ஆறு மணிக்கு வரும். கொதிக்கக் கொதிக்க வரும்.”

“உள்ள ஆளு?”

“பாடி ஆறணும். அஞ்சு மணிக்குத்தான் எறங்குவாங்க.”

மணி நாலு பத்து.

ஆலைக்குள் போன் கிடையாது. இன்ஜினியரிலிருந்து எல்லோரும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த அஜித்தின் நம்பருக்குக் கூப்பிட்டான். மூன்றாவது தடவை எடுத்தான்.

“அஜித்து, நான் தமிழு. ஓடிப்போய் இளவரசன் கிட்ட சொல்லு. மூணாம் பாடி ஜூஸ் வால்வு சரியா மூடல போலக் கீது, ஆளுங்கள எறக்க வேணாம்னு சொல்லு.”

“கேட்ட வுட்டுட்டு எப்டிண்ணே போறது? லாரி நிக்குது.”

“யாரையாச்சும் அனுப்புடா.”

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். எழில்மதி அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தாள். போன் அடித்தது.

“அண்ணே, ஆளு போய் சொல்லிட்டு வந்துட்டான். இளவரசன் அண்ணன் தானே போய் பாத்தாராம். வால்வு இறுக்கமா கீதாம், டிரெயின் காஞ்சு கெடக்குதாம். நிம்மதியா மலைக்குப் போவச் சொன்னாரு.”

வால்வுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை விரல் பருமனில் ஒரு வடிகுழாய் உண்டு. வால்வு ஒழுகினால் அதில் சொட்டும். அதைத்தான் டிரெயின் என்பார்கள். தமிழழகனும் கிளம்பும் முன் அதைத் திறந்து பார்த்தான்தான். காய்ந்துதான் இருந்தது.

“சரி, ஏறு,” என்றான் எழில்மதியிடம்.

பரிகம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. இரண்டு வளைவு ஏறினான். மூன்றாவது வளைவில், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் மூங்கிலுமாக இருந்த இடத்தில், வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“காஞ்சு கெடக்குதுன்னு சொன்னாரே,” என்றாள் அவள்.

“குழாய்ல சாறு இருந்தாத்தானே ஒழுகறதுக்கு. இப்ப எவன் பாத்தாலும் காஞ்சுதான் கெடக்கும். நானும் அதத்தானே பாத்துட்டு வந்தேன்.”

“திரும்பிப் போங்க.”

“உன்ன வுட்டுட்டா? ஆறரைக்கு விடுதியில பிள்ளைங்கள எண்ணணுமே நீ.”

“நாலு நாப்பது பஸ்ஸு பின்னாடிதான் வருது. நான் அதுல ஏறிக்கிறேன். இதுக்கு மேல போனா டவரும் கெடைக்காது, உங்க மனசும் கெடைக்காது. வண்டியத் திருப்புங்க.”

அவன் பஸ் வரும்வரை நிற்பதாகச் சொன்னான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்குக் கீழே கிழங்கு மூட்டைகளோடு இரண்டு பெண்கள் அதே பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். அவர்களோடு நின்றுகொள்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் வண்டியைத் திருப்பியபோது கண்ணாடியில் ஒரு முறை தெரிந்தாள். கையை ஆட்டிப் போகச் சொன்னாள்.

இறக்கத்தில் வண்டி தானாக ஓடியது. கச்சிராயபாளையத்தில் ஒரு தடவை அஜித்துக்குக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை ஒட்டி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஊருக்குத் திரும்புகிற ஜனம், ஷேர் ஆட்டோக்கள். ஒரு ஆட்டோவின் மேல் உரசிவிட்டு நிற்காமல் போனான், பின்னால் ஒருவர் அவனுடைய அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். தியாகதுருகம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் அவனுடைய ஆலைக்குத்தான். அரவை ஆறு மணிக்குத் தொடங்கப் போகிறது என்பது உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு டிராக்டரையும் முந்தும்போது மணியைப் பார்த்தான். ஐந்து ஐந்து. ஐந்து பதினேழு. சடையனின் ஆட்கள் இதற்குள் இறங்கியிருப்பார்கள். சடையன் சுத்தம் செய்கிற ஆட்களின் மேஸ்திரி, சின்னசேலம் பக்கத்துக்காரர். ஆறு ஆட்கள். அதில் ஐந்து பேர் மேலே குழாய்களுக்குள் கம்பித் தூரிகை விட்டுத் தேய்ப்பார்கள். ஒரு ஆள் மட்டும் அடியில், கவிழ்த்த சட்டி போன்ற இடத்தில் குத்தவைத்து, மேலிருந்து விழுகிற பொருக்கைக் கூடையில் அள்ளுவான். சாறு வருகிற வாய் அந்த ஆளின் முதுகுக்கு நேரே இருக்கிறது. தியாகதுருகத்திலிருந்து ஆலை வரைக்கும் தமிழழகன் அந்த முதுகைத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினான்.

ஐந்து நாற்பதுக்கு கேட்டில் வண்டியைப் போட்டான். அஜித் குறுக்கே கையை நீட்டினான். “அண்ணே, ஷிப்ட் இல்லாதவங்க உள்ள போவணும்னா பாஸு வேணும்.”

தமிழழகன் போனை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தான். நடை ஓட்டமானது. பாடிகளின் மேடைக்கு ஏறுகிற இரும்புப் படிகளில் இரண்டு இரண்டாக ஏறினான். மேடையில் இளவரசனும் விஜயலட்சுமியும் நின்றிருந்தார்கள். மூன்றாம் பாடியின் திறந்த வாய்க்குள்ளிருந்து தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. வாய்க்குப் பக்கத்தில் சடையன் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

“மேடம், உள்ள இருக்கறவங்கள வெளிய எடுங்க.”

விஜயலட்சுமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்த ஆலைக்கு வந்து இரண்டு சீசன்தான். அவள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நீங்க ஷிப்ட் முடிஞ்சு போயிட்டீங்கல்ல? என்ன ஆச்சு?”

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். இருபத்திரண்டு, இருபது, ஒரு விரல் சந்து.

“பர்மிட் அட்டையில நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க, எல்லா வால்வும் மூடியாச்சுன்னு?”

“நான்தான் போட்டேன் மேடம். தப்பா போட்டுட்டேன்.”

இளவரசனின் முகம் கறுத்தது. “நான் போய் பாத்துட்டுத்தானேடா சொல்லி அனுப்பினேன். நானும் வீல புடிச்சுப் பாத்தேன், ஆடல. டிரெயினயும் பாத்தேன். என் பேச்சு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“உன் மேல இல்லடா. நான் மூடுனது மேலதான் நம்பிக்கை இல்ல.”

“எண்ணுனது தப்பா இருக்கலாம்ல? பதினோரு வருஷமா ஒரு தடவகூட எண்ணிக்கை தப்பினதில்லையா?”

தப்பாக எண்ணியிருக்கலாம். வரும் வழியில் அந்தச் சந்தேகமும் வந்தது. அப்படி இருந்தால் இத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான் என்று அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

விஜயலட்சுமி பாடிக்கு வருகிற குழாயைப் பார்த்தாள். ஆட்களை உள்ளே இறக்கும்போது வால்வை மட்டும் நம்பக் கூடாது, குழாயைப் பிரித்து நடுவில் ஒரு இரும்புத் தகட்டைச் சொருகி அடைக்க வேண்டும். விதி அப்படித்தான். அதற்கு நாலு மணி நேரம் ஆகும். காலையில் தகடு போடலாமா என்று இவனும் கேட்கவில்லை, போடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது இப்போது ஞாபகம் வந்தது.

“சடையன், ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க,” என்றாள்.

“இப்பத்தான் மேடம் எறங்குனானுங்க,” என்று சடையன் எழுந்தார். “ஏறு எறங்குன்னா வேல எப்டி ஆவறது? பொழுதோட முடிச்சுட்டு பஸ்ஸப் புடிக்கலாம்னு பாத்தா…” முணுமுணுத்துக்கொண்டே வாய்க்குள் குனிந்து குரல் கொடுத்தார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தூள். கடைசியாக அடியிலிருந்து ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, தலையில் துண்டு. காலை எடுத்து வைக்கச் சிரமப்பட்டார். தமிழழகன் கையைக் கொடுத்தான். அவர் கையைப் பிடித்து ஏறி, அவனை ஏன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

விஜயலட்சுமி தலைகளை எண்ணினாள். ஆறு. பிறகு இளவரசனிடம், “சாறு வேண்டாம். அந்தக் குழாய்ல சுடுதண்ணி விடுங்க. வால்வு அப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம். பார்ப்போம்,” என்றாள்.

இளவரசன் கீழே போய்ப் பம்பைப் போட்டான். தண்ணீர் முதல் பாடியிலிருந்து குழாய் நெடுக நிறைந்து வர நேரமானது. தமிழழகன் டிரெயினுக்கு முன்னால் உட்கார்ந்து அதன் வாயையே பார்த்தான். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. குழாயைத் தொட்டுப் பார்த்தான், சூடு ஏறியிருந்தது. வால்வு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. டிரெயினில் ஒரு சொட்டும் இல்லை.

மேலே ஏறி வந்த இளவரசன் அதைப் பார்த்தான். பிறகு தமிழழகனைப் பார்த்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவன் பீடி கேட்டான், இங்கே பிடிக்கக் கூடாது என்று இன்னொருவன் சொன்னான். தமிழழகனுக்குக் காது சூடானது. எண்ணிக்கைதான் தப்பு போலிருக்கிறது என்று நினைத்தான். நினைத்தபோது வெட்கத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

“தம்பி,” என்றார் சடையன். அவர் டார்ச்சை அடித்துக்கொண்டு பாடியின் வாய்க்குள் தலையை விட்டிருந்தார். “உள்ளார இன்னாவோ சத்தம் கேக்குது.”

விஜயலட்சுமிதான் முதலில் போனாள். பின்னாலேயே இவர்கள் இருவரும் போய்க் குனிந்தார்கள். குழாய்களின் நடுவே இருக்கிற பெரிய துளை வழியாக டார்ச் வெளிச்சம் அடிவரைக்கும் போனது. அங்கிருந்து ஆவி மேலே வந்துகொண்டிருந்தது. அடியில் தண்ணீர் பளபளத்தது. சாறு வருகிற வாயிலிருந்து விசிறி மாதிரி பக்கவாட்டில் பீய்ச்சி, எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த ஆள் உட்காருவதற்குப் போட்டிருந்த கோணிச் சாக்கு தண்ணீரில் மிதந்து, மெல்லச் சுற்றியது.

“நிறுத்துங்க,” என்றாள் விஜயலட்சுமி. இளவரசன் அசையவில்லை. தமிழழகன்தான் கீழே ஓடிப் பம்பை நிறுத்தினான்.

திரும்பி வந்து ஒரு கம்பியை எடுத்து டிரெயினின் வாயில் விட்டுக் குத்தினான். ஒரு சாண் உள்ளே கல் மாதிரி தட்டியது. நாலு குத்துக் குத்தியதும் பொருக்கு உடைந்து, சுடுதண்ணீர் அவன் பூட்ஸ் மேல் கொட்டியது. டிரெயின் அடைத்துக் கிடந்திருக்கிறது. மதியம் அவன் பார்த்தபோதும், சாயங்காலம் இளவரசன் பார்த்தபோதும், வால்வு எவ்வளவு ஒழுகியிருந்தாலும் அது காய்ந்துதான் இருந்திருக்கும்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. வெளியே கரும்பு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. விஜயலட்சுமி ஆபீஸுக்குப் போய், அரவையைத் தள்ளிப் போடச் சொல்லி மானேஜரிடம் பத்து நிமிடம் பேசினாள். திரும்பி வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது.

“தகடு போடாம யாரும் உள்ள எறங்க வேண்டாம். தகடு வர்ற வரைக்கும் இந்த லைன் ஓடாது. சொல்லிட்டேன்.” பிறகு தமிழழகனிடம் திரும்பினாள். “நான் இதை எழுதித்தான் ஆகணும். உங்களுக்கு மெமோ வரும்.”

“வரட்டும் மேடம்.”

“எனக்கும் வரும். நடந்தது எல்லாத்தையும் எழுதுங்க. இருபது சுத்துன்னு எழுதுங்க. திரும்பி வந்ததையும் எழுதுங்க.”

அவன் கட்டுப்பாட்டு அறையின் மேசையில் உட்கார்ந்து எழுதினான். ‘அவசரத்தில்’ என்ற சொல்லை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, எழுதினான். வெளியே வந்தபோது இளவரசன் படியில் உட்கார்ந்திருந்தான். கை இரண்டையும் தொடைகளுக்கு நடுவில் அழுத்தி வைத்திருந்தான்.

“பம்ப நான்தான்டா போட்டிருப்பேன்,” என்றான்.

“போடலியே.”

“ஆறு மணிக்கு நான்தான் போட்டிருப்பேன். ஒன்ன மனசுக்குள்ள திட்டிக்கினே போட்டிருப்பேன். மலைக்குப் போறவன் சும்மா போவாம கொடைச்சல் குடுக்கறான்னு.”

தமிழழகன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சமாதானம் சொன்னால் அது தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. இளவரசன் தண்ணீர் கேட்டான். எடுத்து வந்து கொடுத்தான். பாதியைக் குடித்துவிட்டு மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டான்.

“நீ வூட்டுக்குப் போ. நான் ஷிப்ட பாத்துக்கறேன்,” என்றான் இளவரசன்.

“பாத்துக்குவியா?”

“உக்காந்தா இன்னும் மோசமா இருக்கும். எதையாச்சும் செஞ்சுக்கினு இருக்கணும்.”

கேட்டுக்கு வந்தபோது அஜித் போனை நீட்டினான். “அண்ணி ஏழெட்டு தடவ கூப்பிட்டாங்கண்ணே. நான் எடுக்கல, இன்னா சொல்றதுன்னு தெரியல.”

தமிழழகன் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தாள். விடுதியின் சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் அங்கே டவர் கிடைக்கும். ஏறி நின்றிருக்கிறாள் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

அவன் சொல்லி முடித்தான்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

“ஆவல.”

“அடியில இருந்தாரே, அவரு நல்லா இருக்காரா?”

“இருக்காரு. மேல வந்துட்டாரு.”

“அவரு பேரு இன்னா?”

அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகச் சடையனின் ஆட்களைப் பார்க்கிறான். மேஸ்திரியின் பெயர் தெரியும், மற்றவர்கள் எல்லாம் ‘சடையன் ஆளுங்க’தான்.

“கேக்கலியே,” என்றான்.

“போய் கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

அவன் போனை மறுபடியும் அஜித் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கேன்டீனுக்கு வெளியே, குழாயடியில் கை கால் கழுவிவிட்டு ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான அந்த ஆள் கடைசியில் இருந்தார். தூளைக் கழுவிய பிறகு வேறு ஆள் மாதிரி தெரிந்தார்.

“அண்ணே, உங்க பேரு இன்னா?”

அவர் அவசரமாக டீயை வைத்துவிட்டு எழுந்தார். “பிச்சைமுத்துங்க. இன்னா சார், திரும்ப உள்ள எறங்கணுமா?”

“இல்லண்ணே. இன்னிக்கு யாரும் எறங்க வேணாம். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “அப்ப நாளைக்கு வரணுங்களா? மேஸ்திரி ஒண்ணும் சொல்லல.”

“தகடு போட்டப்புறம் சொல்லுவாங்க. எறங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட வாங்க. தகடு எங்க இருக்குதுன்னு உங்களுக்குக் காட்டறேன். பாத்துட்டு எறங்குங்க.”

“நாங்க எதுக்குங்க பாக்கறது? நீங்கதான் பாத்துடறீங்களே.”

“நான் இன்னிக்குப் பாத்ததுலதாண்ணே தப்பு ஆச்சு,” என்றான் தமிழழகன்.

பிச்சைமுத்து அவனைப் பார்த்தார், பிறகு பாடிகள் இருக்கிற பக்கம் பார்த்தார். பாடிக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது போலிருந்தது. மெல்ல உட்கார்ந்து டீயை எடுத்தார், ஆனால் குடிக்கவில்லை.

“சரிங்க. வர்றேன்,” என்றார். “கூப்புடுங்க.”

தமிழழகன் கேட்டுக்குத் திரும்பி நடந்தான். அஜித் போனை உள்ளங்கையில் பத்திரமாக ஏந்திக்கொண்டு நின்றிருந்தான். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

“பிச்சைமுத்து,” என்றான் தமிழழகன் போனில்.

“எந்த ஊராம்?” என்று கேட்டாள் எழில்மதி.